மாங்க் ஃப்ரூட் வேண்டுமென்றால் செறிவுத்தூளாக வாங்குங்கள், ‘சர்க்கரை’யாக வேண்டாம்

ஒரு சீனப் பழத்தின் பெயரில், சர்க்கரைக்கு மாற்றாக விற்கும் ‘மாங்க் ஃப்ரூட் சர்க்கரை’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பொட்டலம் உங்கள் வீட்டில் இருந்தால், மேற்கொண்டு படிப்பதற்கு முன் அதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் பச்சை நிறத்தில் உருண்டையாக ஒரு பழம், பாதியாக வெட்டிய இன்னொன்று, பக்கத்தில் இரண்டு இலைகள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்பொருள் பட்டியல். எடையில் அதிகமான பொருள் முதலில், குறைவானது கடைசியில் என்பதுதான் பெரும்பாலான நாடுகளில் அந்தப் பட்டியலுக்கான விதி. அநேகமாக முதலில் இருக்கும் பெயர் எரித்ரிட்டால், அதாவது சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் வேறொரு இனிப்பூட்டி. படத்தில் இருக்கும் பழம் அதற்குப் பிறகுதான் வரும்.

எவ்வளவு பழம் என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எரித்ரிட்டாலின் இனிப்பு, சர்க்கரையின் இனிப்பில் 60 முதல் 70 சதவீதம். 70 என்றே வைத்துக்கொள்வோம். குறையும் 30 சதவீதத்தை நிரப்பிவிட்டால் ‘ஒரு கரண்டி சர்க்கரைக்கு ஒரு கரண்டி’ என்று எழுதிவிடலாம். பழத்தின் இனிப்பை மட்டும் பிரித்தெடுத்த செறிவுத்தூள் சர்க்கரையைவிட 200 மடங்கு இனிப்பு என்றால், ஒரு கிலோ பொட்டலத்தில் அந்தக் குறையை நிரப்ப ஒன்றரை கிராம் தூள் போதும். மற்ற 998 கிராம் சொச்சமும் எரித்ரிட்டால். பழத்தின் பெயரைப் பார்த்து நாம் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான்.

பட்டியலில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள், சட்டப்படி குற்றமில்லை. என் ஆதங்கம் வேறு. மாங்க் ஃப்ரூட்டைப் பற்றி நடக்கும் பேச்சில் பாதி, அந்தப் பழத்தைப் பற்றியதே அல்ல. நாக்கில் சில்லென்று ஒரு குளிர்ச்சி தெரிகிறது, கொஞ்சம் அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, ஆறியதும் கலவையில் நறநறவென்று படிகம் கட்டுகிறது என்று சொல்கிறார்களே, அத்தனையும் எரித்ரிட்டாலின் குணங்கள். புகழும் பழியும் ஆள் மாறிப் போய்ச் சேருகின்றன. என் அம்மாவுக்கு நீரிழிவு. அவருக்காகத்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: இந்தப் பழத்தின் இனிப்பு தேவைப்படுபவர்கள், வேறெதுவும் சேர்க்காத செறிவுத்தூளாகவோ சொட்டாகவோ அதை வாங்க வேண்டும், சர்க்கரையைப் போலவே தோற்றம் காட்டும் கலவையாக வாங்கக் கூடாது.

முதலில் அந்தப் பழம். தென்சீனாவின் குவாங்சி தன்னாட்சிப் பகுதியில், குய்லின் நகரைச் சுற்றியுள்ள மலைப்பகுதிகளில் விளையும் கொடி. அங்கே லோ ஹான் குவோ என்பார்கள். உலர்ந்த பழத்தை உடைத்துக் கொதிக்கவைத்து, இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும் அந்த நீரைக் குடிப்பது அவர்களுடைய பழைய வழக்கம். வெள்ளரி, பூசணி, பாகல் எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் இதற்கும். 1941-இல் ஸ்விங்கிள் என்ற தாவரவியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது பாகற்காயின் பேரினத்திலேயேதான் வைத்தார். பிறகுதான் தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். இதன் இனிப்புக்குக் காரணமான மோக்ரோசைடுகளும், வெள்ளரிக்காயைச் சில நேரம் கசக்கவைக்கும் குகர்பிடாசின்களும் வேதியியல் முறையில் உறவினர்கள். பிஞ்சாக இருக்கும்போது இந்தப் பழமும் கசக்கும். முற்ற முற்ற அந்த மூலக்கூறின் மீது குளுக்கோஸ் அலகுகள் ஒவ்வொன்றாக ஒட்டுகின்றன. ஐந்து அலகு சேர்ந்தால் மோக்ரோசைடு-5. அதுதான் நமக்கு வேண்டிய இனிப்பு. கசப்புக்கும் இனிப்புக்கும் நடுவில் இருப்பது சில குளுக்கோஸ் அலகுகள்தான் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

குளுக்கோஸ் இருக்கிறதே, ரத்தச் சர்க்கரை ஏறாதா என்று கேட்கலாம். நம் சிறுகுடலால் அந்த மூலக்கூறை அப்படியே உள்ளிழுக்க முடிவதில்லை. பெருங்குடலுக்குப் போன பிறகு அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிரிக்கின்றன. தவிர, நாம் சேர்க்கும் அளவே மில்லிகிராமில்தான் இருக்கிறது. அதிலிருந்து ரத்தத்தில் ஏறுவதற்கு ஒன்றுமில்லை.

பழத்தில் சாதாரணச் சர்க்கரையும் உண்டு. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எல்லாம் இருக்கும். அதனால்தான் பழச்சாறு வேறு, செறிவுத்தூள் வேறு என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழத்தை நசுக்கி, வெந்நீரில் சாறு இறக்கி, வடிகட்டி, பிசின் நிரப்பிய குழாய்கள் வழியாகச் செலுத்தும்போது மோக்ரோசைடுகள் பிசினில் ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரைகள் நீரோடு வெளியேறிவிடுகின்றன. பிறகு ஆல்கஹாலால் மோக்ரோசைடுகளைக் கழுவி எடுத்து உலர்த்தினால் வெளிர் மஞ்சளில் ஒரு தூள் கிடைக்கிறது. எனவே ‘இயற்கையான பழம்’ என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்தது கொடியில்தான், ஆனால் கைக்கு வருவதற்குள் ஆலையில் நீண்ட வழி கடந்து வந்த பொருள். அதனால் அது கெட்டதாகிவிடாது. நல்லது என்பதற்கும் அது சான்று ஆகாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண். மோக்ரோசைடு-5 இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். 25, 30, 50 என்று பல தரங்கள் உண்டு. அந்த எண்ணைப் பொறுத்து இனிப்பு ஏறக்குறைய 100 மடங்கிலிருந்து 250 மடங்கு வரை மாறும். எண்ணே போடாத புட்டியை நான் வாங்குவதில்லை. சேர்பொருளில் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் நீரிழிவு உள்ளவர்கள் அதை வைத்துவிட்டு வர வேண்டும். அவை ரத்தத்தில் சர்க்கரையைப் போலவே, சொல்லப்போனால் அதைவிட வேகமாக ஏறக்கூடியவை.

புட்டியைத் திறந்தவுடன் உள்ளே ஒரு குட்டிக் கரண்டி இருக்கும். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராது. தூள் அவ்வளவு லேசானது. மூச்சு சற்று வேகமாக விட்டால் பறக்கும், உதட்டில் பட்டாலே தித்திக்கும். ஈரக் கரண்டியை விட்டால் உடனே பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 கிராம். 200 மடங்குத் தூளில் அதற்கு ஈடு 20 மில்லிகிராம். கண்ணால் பார்த்து அளக்கவே முடியாது. இதனால்தான் பலர் முதல் நாளே அளவுக்கு மீறிப் போட்டு, காபி குடிக்க முடியாமல், இது நமக்கு ஒத்துவராது என்று மூடிவைத்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் நடக்கும் முறையைச் சொல்கிறேன். மில்லிகிராம் வரை காட்டும் சிறிய தராசில் ஒரு கிராம் தூளை எடை போட்டு, கொதித்து ஆறிய 50 மில்லி நீரில் கரைத்து, அளவுக்கோடு போட்ட சொட்டுக்குழாய் உள்ள புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். இப்போது ஒரு மில்லி ஒரு தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமம். அரை மில்லி அரைக் கரண்டி. கெடாமலிருக்க எதுவும் சேர்க்காததால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைத்துவைக்க வேண்டும். தூளின் தரம் வேறென்றால் நீரின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, எவ்வளவு இனிப்பு சேர்க்கிறோம் என்பது கோட்டில் தெரிந்துவிடுகிறது என்பதே. ஒரு மில்லியில் ஆரம்பித்த அம்மா இப்போது அரை மில்லிக்குக் கீழே வந்துவிட்டார். நாக்கு பழகிக்கொள்கிறது. ‘ஒரு கரண்டிக்கு ஒரு கரண்டி’ என்று விற்கும் கலவை அந்த இறக்கத்துக்கு வழியே விடுவதில்லை. பழைய கரண்டி, பழைய அளவு, பழைய தித்திப்பு அப்படியே தொடர்கிறது.

சுவையைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. சர்க்கரையின் இனிப்பு நாக்கில் பட்டவுடன் வந்து, விழுங்கியதும் போய்விடும். இது பந்தி முடிந்த பிறகு வந்து சேர்ந்து, பேசிக்கொண்டே உட்கார்ந்துவிடும் விருந்தாளியைப் போன்றது. கூடவே கிர்ணிப்பழத் தோலின் வாடை லேசாகத் தெரியும். பால் சேர்த்த காபியிலும் எலுமிச்சைச் சாற்றிலும் அது அடங்கிவிடுகிறது. வெறும் தேநீரில் துருத்திக்கொண்டு நிற்கிறது. சீனித்துளசியின் (ஸ்டீவியா) கசப்பு பிடிக்காதவர்களுக்கு இது எவ்வளவோ தேவலை என்பது என் நாக்கின் தீர்ப்பு.

சமையலுக்கு வருவோம். வெப்பத்தில் மோக்ரோசைடு சிதையாது, கொதிக்கும் பாலில் போட்டாலும் இனிப்பு குறையாது. ஆனால் சர்க்கரை வெறும் இனிப்பு மட்டுமா? கேக் கலவையில் வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைப்பது சர்க்கரையின் படிகங்கள். வெந்த பிறகு ஈரத்தைப் பிடித்துவைத்து மிருதுவாக வைத்திருப்பதும் அதுதான். மேற்புறம் பொன்னிறமாகச் சிவப்பது அதனால். ஜாமில் நீரைத் தன்னோடு கட்டிப்போட்டு, பூஞ்சை வளரவிடாமல் காப்பது அது. ஐஸ்கிரீமின் உறைநிலையைத் தாழ்த்தி, கரண்டி இறங்கும் பதத்தில் வைத்திருப்பது அது. ரொட்டி மாவில் ஈஸ்டுக்குத் தீனியும் அதுவே. 200 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டு ஒரு கிராம் தூளைப் போட்டால் இனிப்பு வந்துவிடும். மீதமுள்ள 199 கிராமின் வேலையை யார் செய்வது? அந்தக் காலியிடத்தை நிரப்பத்தான் எரித்ரிட்டால் வந்தது. அதுவும் நன்றாகச் சிவக்காது. என் எண்ணம் எளிமையானது. கேக் சாப்பிட வேண்டிய நாளில் சர்க்கரை போட்ட உண்மையான கேக்கைச் சிறு துண்டாகச் சாப்பிடலாம். நாள்தோறும் பல தடவை குடிக்கும் பானங்களுக்கு இந்தச் சொட்டு போதும்.

எரித்ரிட்டாலை ஏன் இவ்வளவு தள்ளிவைக்கிறேன் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பின்னாளில் அதிகம் வந்ததாக அதில் கண்டார்கள். நம் உடலே எரித்ரிட்டாலைக் கொஞ்சம் உண்டாக்குகிறது என்பதால், அந்தத் தொடர்பை வைத்து மட்டும் உணவின் மீது பழி போட முடியாது. ஆனால் 2024-இல் அதே குழுவினர், நலமாக உள்ள 20 பேரை 30 கிராம் எரித்ரிட்டால் அல்லது 30 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கவைத்துப் பார்த்தபோது, எரித்ரிட்டால் குடித்தவர்களின் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறையும் போக்கு கூடியது. குளுக்கோஸ் குடித்தவர்களிடம் அது இல்லை. சிறிய ஆய்வுதான், முடிந்த முடிவல்ல. இருந்தாலும் 30 கிராம் என்பது நம் கலவைப் பொட்டலத்தில் ஏழெட்டுக் கரண்டிதான். நீரிழிவு உள்ளவருக்கு இதய நோய் அபாயம் ஏற்கெனவே கூடுதல். அவர் கையில் இந்தப் பொட்டலத்தை, பழத்தின் படம் போட்டுக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

மாங்க் ஃப்ரூட் மட்டும் முழுச் சோதனையும் தாண்டி வந்ததா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இல் இதன் பாதுகாப்பு குறித்துத் தனக்குக் கேள்வி இல்லை என்று கடிதம் கொடுத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2019-இல், கொடுக்கப்பட்ட நச்சியல் தரவுகள் முடிவு சொல்லப் போதவில்லை என்றது. தீங்கு கண்டதாகச் சொல்லவில்லை. சான்று போதாது என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மில்லிகிராம் அளவில் பயன்படுத்துவதில் எனக்கு அச்சமில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நானாக எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

உடல் எடை குறைக்க என்று வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 2017-இல் வெளியான ஒரு ஆய்வில் 30 ஆண்களுக்குச் சர்க்கரை, அஸ்பார்டேம், சீனித்துளசி, மாங்க் ஃப்ரூட் என ஒவ்வொன்றும் கலந்த பானத்தை வேறு வேறு நாள்களில் கொடுத்தார்கள். கலோரி இல்லாத பானம் குடித்த நாள்களில் மதிய உணவை அதிகம் சாப்பிட்டார்கள். நாள் முடிவில் மொத்தக் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். உலகச் சுகாதார நிறுவனமும் 2023-இல், எடையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரையற்ற இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. நீரிழிவு இல்லாதவர்கள் இந்தப் புட்டிக்குச் செலவழிப்பதைவிட, காபியில் சர்க்கரையை வாரம் கால் கரண்டி குறைத்துக்கொண்டு வருவது நல்லது என்பேன்.

கடைசியாக, நீரிழிவு உள்ளவர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர் திடீரென்று உணவிலிருந்து சர்க்கரையை நீக்கினால், மருந்தின் அளவையும் மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறி, ரத்தச் சர்க்கரை தாழும் நேரத்தில் பதற்றத்தில் யாராவது இந்தச் சொட்டைக் கலந்து கொடுத்தால் நாக்குக்குத் தித்திக்கும், ரத்தத்தில் ஒன்றும் ஏறாது. அப்போது வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி உண்மையான சர்க்கரை. 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். மாங்க் ஃப்ரூட் மட்டுமே வாங்கும் வீட்டிலும் ஒரு டப்பா சர்க்கரை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சொட்டுப் புட்டியின் மீது ‘சர்க்கரை தாழ்ந்தால் இது உதவாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.