மாற்று உறுப்பு பெற்றவரின் மனத்தையும் கேளுங்கள்

சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு, புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க உட்கொள்ளும் மருந்துகளால் தொற்று, நீரிழிவு, எலும்புத் தேய்மானம் ஆகியவை வரலாம் என்று விரிவாக விளக்கும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது மனநிலை மாற்றங்களுக்கு ஒரே ஒரு வரியை மட்டும் ஒதுக்கியிருப்பது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. என் அண்ணன், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற இரண்டாம் வாரத்தில், இரவு 3 மணிக்கு அலமாரித் துணிகளையெல்லாம் இறக்கிப்போட்டு மடித்துக்கொண்டிருந்தார். ஒருநாளும் அதிர்ந்து பேசாதவர் அண்ணியிடம் காரணமின்றிச் சீறினார்; அடுத்த கணமே அழுதார். கையெழுத்திடும்போது பேனா நடுங்கியது. மறுபிறவி கிடைத்த பிறகும் ஏன் இப்படி என்று உறவினர்கள் கேட்டது அவரை மேலும் கூனிக்குறுக வைத்தது.

இது குணக்கேடு அன்று, மருந்தின் விளைவு. அந்த மருந்துகளில் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தூக்கமின்மை, எரிச்சல், அளவுமீறிய உற்சாகம், மனச்சோர்வு, அரிதாக மனப்பிறழ்வு வரைகூடக் கொண்டுபோகக்கூடியவை. பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டும்போது இந்த ஆபத்து கூடுகிறது. அவற்றில் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் இரத்தத்தில் மிகுந்தால் கைநடுக்கத்தோடு பதற்றமும் குழப்பமும் வரலாம். அண்ணனின் இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவைப் பரிசோதித்து அந்த மருந்தைக் குறைத்தார்கள். ஸ்டீராய்டைக் காலை வேளைக்கு மாற்றிப் படிப்படியாக இறக்கினார்கள். ஒரு மாதத்தில் தூக்கம் திரும்பியது.

பயந்துபோய் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்தினால் பொருத்திய உறுப்பையே இழக்க நேரிடும். மனச்சோர்வுக்கென்று மருந்துச் சீட்டின்றி விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகையும், இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவைக் குறைத்துவிடும் என்பதால், மாற்று உறுப்பு பெற்றவர்கள் அதைத் தொடவே கூடாது.