கரை தெரிந்த பிறகும் ஏன் தூக்கினீர்கள்?

போன வருடம் அண்ணன் கேட்டலீனா தீவிலிருந்து கரைக்கு நீந்திவரப் போனபோது, அவர் பக்கத்தில் கயாக் (துடுப்பு போடும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டியது நான். கரைக்குப் பக்கத்தில் வந்தபிறகு அவரைத் தண்ணீரிலிருந்து தூக்க வைத்ததும் நான்தான். போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் மறுபடியும் அதே கேள்வி. "கரை கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு சொல்றீங்க, மூணு கிலோமீட்டர்தான் பாக்கி, அந்த நேரத்துல போய் ஏன் தூக்குனீங்க? கொஞ்சம் தைரியம் சொல்லியிருந்தா அண்ணன் முடிச்சிருப்பார்ல?" கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் ஒரு வருடமாகப் பலரிடம் இதற்குப் பாதிப் பாதியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு எதிரே இருக்கும் கேட்டலீனா தீவிலிருந்து இந்தக் கரைக்கு 32 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1927 இல் சூயிங்கம் முதலாளி ரிக்லி 25,000 டாலர் பரிசு அறிவித்து, நூறு பேர் கடலில் இறங்கி, ஜார்ஜ் யங் என்ற கனடாக்காரர் ஒருவர் மட்டும் கரையேறினாரே, அதே கடல். பகலில் மதியத்துக்கு மேல் காற்று எழுந்துவிடும் என்பதால் பெரும்பாலும் நடுராத்திரியை ஒட்டித்தான் கிளம்புவார்கள். குளிர் தாங்கும் வெட்சூட் உடை கிடையாது. பெரிய படகு ஒன்று, அதில் விதிகளைக் கவனிக்கும் கண்காணிப்பாளர்கள், அப்புறம் நீந்துபவரின் பக்கத்திலேயே கயாக். நீந்துபவர் கயாக்கைப் பிடித்துவிட்டால் நீச்சல் அங்கேயே முடிந்தது. நாமும் அவரைத் தொடக் கூடாது.

கயாக்கில் வருகிறவன் சும்மா துணைக்கு வருகிறான், தண்ணீர் பாட்டில் கொடுப்பான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அண்ணன் இடது பக்கம் மூச்செடுப்பவர். அவர் தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் என் இடுப்புக்கு நேரே அவர் முகம் இருக்க வேண்டும். நான் கொஞ்சம் முன்னே போய்விட்டால் என்னைப் பார்க்கத் தலையைத் தூக்குவார், தலை தூக்கினால் இடுப்பு இறங்கும், மணிக்கணக்கில் அப்படி நீந்தினால் கழுத்து போய்விடும். கயாக்கை வேகமாக ஓட்டுவது சுலபம், மனிதன் நீந்தும் வேகத்தில் ஓட்டுவதுதான் கஷ்டம். காற்று அவரைத் தள்ளுவதைவிட என்னைத்தான் அதிகமாகத் தள்ளும். அரைமணிக்கு ஒரு முறை கயிறு கட்டிய பாட்டிலை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வீச வேண்டும், அவர் குடித்து முடித்ததும் இழுத்துக்கொள்ள வேண்டும். அவரிடமும் கயாக்கிலும் கட்டியிருக்கும் குச்சி விளக்குகளின் பச்சை வெளிச்சம், அவர் கை தண்ணீரில் இறங்கும்போது சிதறும் நீல மினுமினுப்பு, இரண்டும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தொடுவானம் தெரியாத இருட்டில் மெதுவாக ஆடிக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குடல் புரட்டும். நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், இரண்டு தடவையும் கண்ணை அவர்மேல் வைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

இந்தக் கடலில் ஒரு சங்கடம் உண்டு. நடுக்கடலைவிடக் கரையை நெருங்கும்போது தண்ணீர் சில்லென்று ஆகிவிடும், ஆழத்துக் குளிர்ந்த நீர் அங்கே மேலே ஏறி வருகிறது. அதாவது பத்து மணி நேரம் நீந்தி உடம்பில் சக்தி வடிந்தபிறகு குளிர் வந்து பிடிக்கும். அண்ணன் ராத்திரி முழுக்க நிமிடத்துக்கு 62 தடவை கை போட்டுக்கொண்டிருந்தார். விடிந்து வெகுநேரம் கழித்து 57. அடுத்த அரைமணியில் 49. விரல்கள் சேரவில்லை, கோழிக்கால் மாதிரி விரிந்து நின்றன. என் பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து வந்தார், இரண்டு முறை நான் விலகினேன். பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை.

கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தோம், குளிரில் அவர் புத்தி தடுமாறுகிறதோ என்று சந்தேகம் வந்தால் அவர் பிறந்த தூத்துக்குடி வீட்டின் கதவு எண்ணைக் கேட்பேன் என்று. கேட்டேன். "நான் நல்லாத்தான் இருக்கேன் தம்பி" என்றார், தெளிவாக, சிரித்துக்கொண்டே. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதே வாக்கியம். கதவு எண் வரவே இல்லை. துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் படகைக் கூப்பிட்டேன். கண்காணிப்பாளர் வந்து பார்த்து ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

படகில் போர்வைக்குள் சுருட்டி வைத்து வெகுநேரம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி, "முடிச்சிட்டேனா?" முடித்துவிட்டதாகவே நினைத்திருக்கிறார். அந்த மனிதருக்குத்தான் நான் தைரியம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஃபிளாரன்ஸ் சாட்விக் கதையை எத்தனை தன்னம்பிக்கைப் பேச்சில் கேட்டிருப்பீர்கள். 1952 ஜூலையில் இதே கடலில், மூடுபனியில், கரைக்குப் பக்கத்தில் வந்து வெளியேறினார், கரை தெரிந்திருந்தால் முடித்திருப்பேன் என்றார், இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்து 13 மணி 47 நிமிடத்தில் முடித்தார். எல்லோரும் மூடுபனியைப் பற்றியே பேசுகிறார்கள். கேட்டதும் அவரைத் தூக்கிக்கொள்ள அன்றைக்குப் பக்கத்தில் படகு இருந்தது, அதனால்தான் செப்டம்பரில் நீந்த அவர் உயிரோடு இருந்தார் என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 2010 அக்டோபரில் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் ஃபிரான் கிரிப்பன், 26 வயது, அமெரிக்க அணி வீரர், வெந்நீர் மாதிரியான கடலில் மூழ்கிப் போனார். அவர் கரைக்கு வரவில்லை என்று கூட நீந்தியவர்கள் கவனித்துத் தேட வேண்டியிருந்தது. அவருக்கென்று ஒரு ஜோடிக் கண் அங்கே இல்லை. நம் ஆழிக்குமரன் ஆனந்தன், 1971 இல் பாக் நீரிணையைப் போகவர நீந்தியவர், 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் இறந்துபோனார். எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனையும் கடல் எடுத்துக்கொள்ளும்.

அதனால் நீந்தப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு வருடம் பயிற்சி எடுக்கிறீர்கள், கயாக்குக்கு மட்டும் கடைசி வாரத்தில் மச்சானைக் கூப்பிடுகிறீர்கள். உங்கள்மேல் பாசம் அதிகமுள்ளவர் அங்கே வேண்டாம், அவரால் உங்கள் கனவை நிறுத்த முடியாது. கைவீச்சை எண்ணத் தெரிந்தவர், ராத்திரியில் உங்களோடு குறைந்தது இரண்டு முறையாவது கடலில் வந்தவர் வேண்டும். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் சொல்லலாமா வேண்டாமா என்பதைக்கூடக் கரையிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் சொல்ல மாட்டேன், அடுத்த பாட்டில் எப்போது என்பதை மட்டும் சொல்வேன். பொய்யாக "இதோ வந்துருச்சு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் நான் எது சொன்னாலும் அவர் நம்ப மாட்டார்.

அண்ணன் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது எனக்கு வலித்தது, இப்போதும் நினைத்தால் வலிக்கிறது. போன மாதம் அவரே கூப்பிட்டார். வருகிற செப்டம்பரில் மறுபடியும் போகிறார், கயாக்கில் நான்தான் வர வேண்டுமாம். கதவு எண் மனதில் பதிந்துவிட்டது, வேறு கேள்வி வைத்துக்கொள் என்றார், வைத்திருக்கிறேன், என்ன கேள்வி என்று அவரிடம் சொல்லவில்லை.

ராத்திரி முறைக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்கம் இருப்பவர்கள், இருட்டில் மூன்று மணி நேரம் கயாக்கில் உட்கார்ந்த பழக்கம் உள்ளவர்கள், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.