ஓட்டம் தொடங்கிய பிறகு கோடு போடலாமா?

அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வைப் பற்றி இங்கே எழுதும் நண்பர்கள் பலரும், எந்த மாநிலத்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு வாக்கு விழுந்தது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வாக்குகள் எந்தக் கணக்கின்படி, கட்சி மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரை முடிவு செய்யும் பேராளர்களாக மாறுகின்றன என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பாதி ஆட்டம் அங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

2024 பிப்ரவரியில் நெவாடாவில் மாநிலச் சட்டப்படி அரசு முதனிலைத் தேர்தலை (கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் சொல்லும் தேர்தலை) நடத்தியது. அங்குள்ள குடியரசுக் கட்சியோ, இரண்டு நாள் கழித்துத் தானே ஒரு காக்கஸ் (கட்சிக்காரர்கள் கூடி வாக்களிக்கும் கூட்டம்) நடத்தி, பேராளர்கள் அதன் வழியாக மட்டுமே ஒதுக்கப்படுவார்கள் என்றும், முதனிலைத் தேர்தலில் நிற்பவர் காக்கஸில் நிற்கக் கூடாது என்றும் விதி செய்தது. டிரம்பின் போட்டியாளராக இருந்து முதனிலைத் தேர்தலில் நின்ற நிக்கி ஹேலி, 'இவர்களில் எவரும் இல்லை' என்ற கட்டத்திடம் தோற்றுப்போனார். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. அவர் வென்றிருந்தாலும் ஒரு பேராளர்கூடக் கிடைத்திருக்க மாட்டார் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. காக்கஸில் நின்ற டிரம்புக்கு மாநிலத்தின் 26 பேராளர்களும் போனார்கள்.

இது சட்டத்துக்குப் புறம்பானதல்ல. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது என்பதால், பேராளர் கணக்கைப் பெரும்பாலும் கட்சிகளே எழுதிக்கொள்கின்றன. ஜனநாயகக் கட்சி, 15 விழுக்காட்டைத் தாண்டியவர்களுக்கு வாக்கு விகிதப்படி பங்கிட வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஒரே விதி வைத்திருக்கிறது. குடியரசுக் கட்சி அதை ஓரளவு மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அதனால்தான் 2016இல் தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்கு வாங்கிய டிரம்ப், 50 பேராளர்களையும் அள்ள முடிந்தது. விகிதமுறையே நியாயம் என்று நான் நினைத்தாலும், முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்தால் இதையும் ஏற்றுக்கொள்வேன்.

என் சண்டை, விதியை மாற்றும் காலத்தோடுதான். 1968இல் ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாத துணை அதிபர் ஹம்ஃப்ரி ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானதால் எழுந்த கொந்தளிப்பில், செனட்டர் மெக்கவர்ன் தலைமையில் விதிகளைத் திருத்த ஒரு குழு அமைந்தது. 1972இல் அந்தப் புதிய விதிகளின் கீழ் வேட்பாளரானவரும் அதே மெக்கவர்ன்தான். கலிபோர்னியாவில் வென்றவருக்கே 271 பேராளர்களும் என்ற விதி அவ்வாண்டு எல்லாருக்கும் தெரிந்திருந்தும், அங்கே மெக்கவர்னிடம் தோற்ற பிறகு ஹம்ஃப்ரி தரப்பு விகிதப்படி பிரிக்கச் சொல்லி வழக்காடியது. சீர்திருத்தத்தின் முகமான மெக்கவர்ன் தரப்போ, வென்றவருக்கே எல்லாம் என்று வாதாடி வென்றது. கொள்கை எந்தப் பக்கம் நின்றது என்று கேட்காதீர்கள்.

2008இலும் இதே கதைதான். குறித்த நாளுக்கு முன்பே தேர்தல் நடத்தியதற்காகப் புளோரிடா, மிச்சிகன் மாநிலங்களின் பேராளர்களை ஜனநாயகக் கட்சியின் விதிக்குழு பறித்தது. அதற்கு ஆதரவாக வாக்களித்த குழு உறுப்பினர் ஹரால்ட் இக்கிஸ், பிறகு அவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று ஹிலாரி கிளின்டனுக்காக அதே குழுவில் முழங்கினார். மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை! அந்தக் குழு ஆளுக்கு அரை வாக்கு என்று முடித்தது; பிறகு மாநாட்டில் முழு வாக்கையும் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

2023 ஜூலையில், போட்டி சூடுபிடித்து, கருத்துக் கணிப்புகளில் டிரம்ப் முந்திக்கொண்டிருந்தபோது, பாதிக்கு மேல் வாக்கு வாங்குபவருக்கே மாநிலத்தின் 169 பேராளர்களும் என்று கலிபோர்னியா குடியரசுக் கட்சி விதியை மாற்றியது. எந்தத் திருத்தமும் அடுத்த தேர்தலை விட்டு அதற்கடுத்த தேர்தலிலிருந்தே செல்லும் என்று இரு கட்சிகளும் வைத்துக்கொண்டால், யாருக்கு லாபம் என்று பார்த்து விதி எழுதுவது கடினமாகும்.

முதனிலைத் தேர்தல் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்காத கமலா ஹாரிஸ் 2024இல் வேட்பாளரானதையும் 1968ஐயும் ஒன்றாக வைத்து நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நான் உடன்படவில்லை. பைடனுக்காகத் தேர்வான பேராளர்கள் தங்களை அனுப்பியவர்களின் எண்ணத்தை மனச்சாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்ற விதி பழையது. பேராளர்களின் இணையவழி வாக்கெடுப்பும், வேட்பாளர் பெயரைத் தெரிவிக்க ஒகையோ மாநிலம் வைத்த காலக்கெடுவைக் காரணம் காட்டி, பைடன் விலகுவதற்கு முன்பே மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. எதிர்த்து நிற்க விரும்புகிறவர்களுக்கு இன்னும் சில வாரம் கொடுத்திருக்கலாம் என்ற குறை மட்டும் எனக்கு உண்டு.