ரிக்ரஷன் கணக்குக்குக் கால்குலேட்டர் எடுக்கலாமா?

பிள்ளைகள் தாராளமாக எடுக்கட்டும். ஒரே நிபந்தனை: முதலில் ஒரு கணக்கையாவது கையால் போட்டிருக்க வேண்டும். ரிக்ரஷன் என்றால் இரண்டு அளவுகளின் புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் போகும் நேர்கோட்டைக் கண்டுபிடிப்பது. பாடப்புத்தகம் அதற்குத் தொடர்புப் போக்கு என்று பெயர் வைத்துப் பயமுறுத்தினாலும், உள்ளே இருப்பது பத்தாம் வகுப்பு இயற்கணிதம்தான். இரண்டு சமன்பாடு, தெரியாத எண் இரண்டு.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ரப்பரையே எடுப்போம். எண்கள் பயிற்சிக்காக வைத்தவை. எக்ஸ் என்பது ரப்பர் பால், லிட்டரில்: 2, 4, 6, 8, 10. ஒய் என்பது அதிலிருந்து கிடைக்கும் காய்ந்த ரப்பர் ஷீட், கிலோவில்: 0.8, 1.3, 2.1, 2.7, 3.1. எக்ஸ் கூட்டுத்தொகை 30, ஒய் 10, இரண்டின் பெருக்கல்களைக் கூட்டினால் 72, எக்ஸின் வர்க்கங்களைக் கூட்டினால் 220. நாம் தேடும் கோடு: ஒய் = ஏ + பி × எக்ஸ். இதில் பி-தான் கோட்டின் சாய்வு. ஜோடிகள் 5 என்பதால் சமன்பாடுகள் இவை:

10 = 5ஏ + 30பி
72 = 30ஏ + 220பி

முதல் சமன்பாட்டை 6-ஆல் பெருக்கி, இரண்டாவதிலிருந்து கழித்தால் 12 = 40பி. ஆக பி = 0.3, ஏ = 0.2. சராசரிகள் 6-உம் 2-உம் இந்தக் கோட்டில் விழுகின்றனவா என்று பாருங்கள்: 0.2 + 1.8 = 2. விழாவிட்டால் எங்கோ கூட்டல் பிசகியிருக்கிறது.

இனி கால்குலேட்டர். கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்ஸில் மோட் 3, பிறகு 2. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் சமக்குறி. முடிந்ததும் ஏசி. அட்டவணை மறைந்ததும் எல்லாம் அழிந்துவிட்டது என்று பலர் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள். எதுவும் அழியாது மக்கா. ஷிஃப்ட் 1, 5 அழுத்தினால் 1-இல் ஏ, 2-இல் பி, 3-இல் ஆர். புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று காட்டும் எண்தான் ஆர். இங்கே அது 0.9945 வரும்.

கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அதில் மோட் 3, 1. பிறகு 2, காற்புள்ளி, 0.8, எம் பிளஸ் என்று ஜோடி ஜோடியாகப் போட வேண்டும். பழைய கணக்கின் எண்கள் நினைவகத்திலேயே கிடக்கும். முதல் ஜோடிக்கே எண்ணிக்கை 6 என்று காட்டினால் அதுதான் காரணம். தொடங்கும் முன் ஷிஃப்ட், மோட், 1, சமக்குறி அழுத்தித் துடைத்துவிடுங்கள்.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு குழி. அங்கே பயன்படுத்தும் டிஐ-84 கால்குலேட்டரில் வழக்கமாக எடுக்கும் வடிவத்தில் ஏ-தான் சாய்வு. கேசியோவில் சாய்வு பி. வீடியோவைப் பார்த்து அப்படியே எழுதினால் 0.2-உம் 0.3-உம் இடம் மாறிவிடும்.

3.1-க்குப் பதில் 31 என்று அடித்துவிட்டால்? சாய்வு 3.09 ஆகும், ஆர் 0.745-க்கு இறங்கும். கருவி எந்தப் பிழையும் சொல்லாது. ஒரு லிட்டர் பாலில் மூன்று கிலோ ஷீட் எப்படி வரும் என்று நாம்தான் கேட்க வேண்டும். கையால் ஒருமுறை போட்ட பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வரும். நான் நிபந்தனை வைப்பதும் அதற்காகவே.

கோட்டைப் பயன்படுத்துவதிலும் கவனம் வேண்டும். 9 லிட்டருக்கு 2.9 கிலோ, சரி. பாலே இல்லாமல் 0.2 கிலோ ஷீட் என்பது அபத்தம். எண்கள் 2-க்கும் 10-க்கும் இடையில் எடுத்தவை. மழையில் பால் நீர்த்துப்போனால் அதே லிட்டருக்கு ஷீட் குறையும். அப்போது புதிதாக அளந்து வேறு கோடுதான் போட வேண்டும்.