24-க்கு 6

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆட்டம் ஒன்று முடிந்த அரை மணி நேரத்தில் டைம்லைனில் வரிசையாக வந்து விழும் பதிவுகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இன்னார் 38 பாயின்ட், பக்கத்தில் ஒரு தீ எமோஜி, அவ்வளவுதான். எத்தனை ஷாட் போட்டு அந்த 38 வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கிரிக்கெட்டில் ஒருத்தர் எண்பது அடித்தார் என்றால் "எத்தனை பந்துல?" என்றுதான் முதலில் கேட்போம். அதே ஆட்கள் கூடைப்பந்து என்றதும் பந்துக் கணக்கையே மறந்துவிடுகிறார்கள்.

பாக்ஸ் ஸ்கோரில், அதாவது ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரப் பட்டியலில், கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் பாயின்ட்தான் என்பது என் கட்சி. கொஞ்சம் அடாவடியாகத் தெரியலாம். அதற்காகவே ஒரு ஆட்டத்தை எடுத்து வைக்கிறேன்.

2010 ஜூன் 17, லாஸ் ஏஞ்சலிஸ். உள்ளூர் லேக்கர்ஸ், பாஸ்டனின் செல்டிக்ஸ், இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். லேக்கர்ஸ் 83, செல்டிக்ஸ் 79. லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் 23 பாயின்ட், தொடர் நாயகன் விருதும் அவருக்கே. பாயின்டை மட்டும் பார்க்கிறவருக்கு இதில் குழப்பமே இல்லை, கோபி ஜெயிக்க வைத்தார் என்று முடித்துவிடுவார். அதே வரியில் பாயின்டுக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 24 ஷாட்டில் உள்ளே போனது 6. ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தில், அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய ஸ்கோரர், நாலில் ஒன்றுதான் போட்டார். அணியாகப் பார்த்தாலும் கேவலம்தான். 83 ஷாட்டில் 27. நூற்றுக்கு முப்பத்திரண்டரை.

செல்டிக்ஸ் 71 ஷாட் எடுத்து 29 போட்டது. சாதாரண ஷாட்டுக்கு இரண்டு பாயின்ட், தூரத்திலிருந்து போடும் த்ரீ பாயின்டருக்கு மூன்று; அதிலும் அவர்கள் 6, லேக்கர்ஸ் 4. ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஒரு பாயின்ட் ஷாட்டான ஃப்ரீ த்ரோவைத் தள்ளி வைத்துவிட்டுக் கூட்டினால் செல்டிக்ஸ் 64, லேக்கர்ஸ் 58. நன்றாகப் போட்ட அணி தோற்றது, மோசமாகப் போட்ட அணி கோப்பையைத் தூக்கியது.

எப்படி? இரண்டே இடங்களில்தான் விடை இருக்கிறது. ஒன்று, எதிராளியின் கூடைக்கடியில் பிடித்த ரீபவுண்ட், அதாவது தன் அணி தவறவிட்ட பந்தைத் தானே மறுபடி பறிப்பது. லேக்கர்ஸ் 23, செல்டிக்ஸ் 8. இந்த ஒரு ஜோடி எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆட்டமே கண்முன் வந்துவிடுகிறது: பந்து வளையத்தில் மோதித் தெறிக்கிறது, பாவ் கசோல் எம்பித் தட்டுகிறார், மறுபடி ஷாட், மறுபடி தெறிப்பு, மறுபடி யாரோ ஒரு லேக்கர்ஸ் கை. செல்டிக்ஸை விட 12 ஷாட் கூடுதலாக எடுக்க முடிந்தது இதனால்தான். இரண்டு கூடைக்கடியிலும் சேர்த்துக் கசோலுக்கு மொத்தம் 18 ரீபவுண்ட், கோபிக்கு 15. ஷாட் விழாத ராத்திரியில் ஒரு கார்டு, அதாவது கூடையை விட்டுத் தள்ளி ஆடுகிறவர், 15 ரீபவுண்ட் பிடிக்கிறார் பாருங்கள், கோபியைப் பாராட்டுவதென்றால் நான் அதற்குத்தான் பாராட்டுவேன்.

இரண்டாவது, ஃப்ரீ த்ரோ. லேக்கர்ஸ் 37 எடுத்து 25 போட்டது. செல்டிக்ஸ் 17-க்கு 15. அங்கே பத்து பாயின்ட் முன்னால், களத்தில் ஆறு பாயின்ட் பின்னால், கழித்தால் மிச்சம் நாலு. ஆட்டத்தின் வித்தியாசமும் அதே நாலு. பாஸ்டன் ரசிகர் ஒருவர் அவர்களுக்கு 37, எங்களுக்கு 17 என்ற கணக்கைக் காட்டி நடுவர்களைத் திட்டினால் எனக்கு அவர் மேல் கோபம் வராது. ஆனால் கூடைக்கடியிலேயே குடியிருக்கும் அணிக்குத்தான் ஃபவுலும் அதிகம் கிடைக்கும் என்பதையும் அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எதற்கும் பெரிய படிப்பு தேவையில்லை. கூட்டல், கழித்தல். கடைசிக் கால் பகுதியில் கோபி எடுத்த பத்து பாயின்டையும், அவருடைய அணியின் ரான் ஆர்டெஸ்ட் கடைசி நிமிட வாக்கில் போட்ட த்ரீயையும் நான் குறைத்துப் பேசவில்லை. அந்த 23 ரீபவுண்ட் இல்லையென்றால் அந்த ஷாட்டுகளுக்கு மதிப்பே வந்திருக்காது என்கிறேன், அவ்வளவே.

கோபி மேல் எனக்கு ஏதோ காழ்ப்பு என்று சிலர் கிளம்புவார்கள். 2006 ஜனவரியில் டொரண்டோவுக்கு எதிராக அவர் போட்ட 81-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 46 ஷாட்டில் 28, ஃப்ரீ த்ரோ 20-க்கு 18. அது பாயின்டிலும் மலை, கணக்கிலும் மலை. கேள்வி ஒன்றுதான், விடை இரண்டு ராத்திரிக்கும் வேறுவேறு.

எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ரிக்கி டேவிஸ் ஒருவர் போதும். 2003 மார்ச், கிளீவ்லண்ட் அணி யூட்டாவை 25 பாயின்ட் வித்தியாசத்தில் முந்திக்கொண்டிருக்கிறது. ஆட்டம் முடியச் சில விநாடிகள். அவருக்கு ட்ரிபிள் டபுளுக்கு, அதாவது மூன்று கணக்கில் இரட்டை இலக்கம் தொடுவதற்கு, ஒரே ஒரு ரீபவுண்ட் பாக்கி. என்ன செய்தார் தெரியுமா? தன் அணியின் கூடையிலேயே வேண்டுமென்றே பந்தை எறிந்து, தெறித்ததைத் தானே பிடித்தார். யூட்டாவின் டிஷான் ஸ்டீவன்சன் பாய்ந்து வந்து ஒரு முரட்டு ஃபவுல் செய்தார். எனக்கு அந்த ஃபவுல் மிகவும் பிடிக்கும். அந்த ரீபவுண்டும் கணக்கில் சேரவில்லை. அந்த வருஷம் கிளீவ்லண்ட் 82 ஆட்டத்தில் ஜெயித்தது 17 என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேர் எதிராக வாரியர்ஸ் அணியின் டிரேமண்ட் கிரீன். 2017 பிப்ரவரியில் மெம்பிஸுக்கு எதிராக அவர் போட்டது 4 பாயின்ட். தீ எமோஜிக்காரர்கள் கண்ணில் அந்த வரி படவே படாது. 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (கூடை விழ வைத்த பாஸ்), 10 ஸ்டீல் (எதிராளியிடம் பறித்த பந்து), போதாததற்கு 5 பிளாக் (தட்டிவிட்ட ஷாட்). பாயின்ட் சேராமலே ட்ரிபிள் டபுள். என்.பி.ஏ.வில் அதுவரை யாரும் செய்யாதது.

ஆனால் எல்லா எண்ணையும் ஒரே அளவுக்கு நம்புகிற ஆளும் நான் இல்லை. அசிஸ்ட் என்பது ஸ்கோர் மேசையில் இருப்பவரின் தீர்ப்பு, ஒருவர் கொடுப்பார், இன்னொருவர் கொடுக்க மாட்டார். ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை பாயின்ட் முந்தியது அல்லது பிந்தியது என்று சொல்லும் ப்ளஸ்-மைனஸ் ஒரு ஆட்டத்துக்குப் பெரும்பாலும் சத்தம்தான், கூட ஆடிய நாலு பேர் சொதப்பினால் உங்கள் பெயருக்கு நேரே மைனஸ் 15 உட்கார்ந்துவிடும். எண்ணாமலே விட்டவையும் உண்டு. பிளாக், ஸ்டீல் இரண்டையும் என்.பி.ஏ. அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74 சீசனில். வில்ட் சேம்பர்லின் அதற்கு முந்தைய சீசனோடு ஆட்டத்தை விட்டுவிட்டார், பில் ரஸ்ஸல் 1969-லேயே. பிளாக்குக்கே பேர்போன அந்த இரண்டு பேர் பெயரிலும் அதிகாரபூர்வமாக ஒரு பிளாக்கூட இல்லை!

த்ரீ பாயின்டரே லாபம் என்ற கணக்கை நம்பி மண்ணைக் கவ்விய அணியும் உண்டு என்று 2018 மே 28-ஐ இழுப்பார்கள். ஹூஸ்டன், வாரியர்ஸ், அதுவும் ஏழாவது ஆட்டம்தான். ஹூஸ்டன் தொடர்ச்சியாக 27 த்ரீ பாயின்டரைத் தவறவிட்டது. மொத்தம் 44-க்கு 7. தோற்றது 101-92. அந்த 27-ல் மூன்று விழுந்திருந்தால் ஆட்டம் சமன். த்ரீயை நம்பியது தப்பு என்று இதை வைத்து எப்படிச் சொல்வது? அன்றைக்கு விழவில்லை. அதோடு, ஹூஸ்டனின் கிறிஸ் பால் தொடைத்தசைக் காயத்தோடு வெளியே இருந்தார். 2010-ல் செல்டிக்ஸுக்கும் இதே கதைதான். கூடைக்கடியில் மல்லுக்கட்டும் கெண்ட்ரிக் பெர்கின்ஸ் ஆறாவது ஆட்டத்தில் முழங்கால் காயம் பட்டு ஏழாவதில் ஆடவில்லை. லேக்கர்ஸ் 23, செல்டிக்ஸ் 8 என்ற அந்த ரீபவுண்ட் கணக்கில் பாதி அவர் இல்லாததால் வந்தது என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் கமெண்டில் வாருங்கள், ஆனால் பாயின்டைச் சொல்லும்போது எத்தனை ஷாட்டில் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.