ஒத்தை போல்ட்டுதான் அண்ணாச்சி!

வண்டி எஞ்சின்ல ஆயில் அளவு பாக்குத குச்சி இருக்குல்லா, டிப்ஸ்டிக்கு, அது நிக்க குழாயைக் கழட்டணும். "ஒரே ஒரு போல்ட்டுதான் அண்ணாச்சி, 10 நிமிச வேலை"ன்னு சொன்ன மெக்கானிக் பயலத்தான் காலையில இருந்து தேடுதேன்.

அந்த ஒத்தை போல்ட்டு எங்க இருக்கு தெரியுமா? எஞ்சின் புகையை வெளிய தள்ளுத எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பின்னால. கண்ணு போனா கை போகாது, கை போனா கண்ணு தெரியாது. 10-ஆம் நம்பர் ஸ்பேனரை ஒரு தடவை மாட்டினா அரைக்கால் சுத்து. பாளையங்கோட்டை வெயிலு முதுகுல அப்பளம் பொரிக்கி. கழண்ட போல்ட்டாவது தரையில விழுந்துச்சா? அடித்தட்டுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிட்டு, சவம்!

சரி, டிப்ஸ்டிக் குழாய் வருமா? வராது. எஞ்சின் பிளாக்கோட தாலி கட்டிக் குடும்பம் நடத்துது. முறுக்கி இழுத்தா வளையும். வளைஞ்சா அப்புறம் ஸ்டிக்கு உள்ள போகாது. ஓட்டையைச் சுத்தி இருக்க மண்ணு ஒரு சிட்டிகை உள்ள விழுந்தாலும் நேரா அடியில ஆயில் தேங்குத சம்ப்புக்குத்தான்.

இவ்வளவும் எதுக்கு? குழாய்க்கு அடியில ஆயில் ஒழுகாம அடைச்சுக் கெடக்க ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங்குக்கு! சூட்டுல வெந்து, வளைச்சா ஒடியுது, கடலைமிட்டாய் மாதிரி. வண்ணார்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேட்டா, "தனியா வராது சார், குழாயோட சேத்துத்தான்". மோதிரம் கேட்டா விரலையும் சேத்து விப்பியளோ?

புது ஓ-ரிங்குல ஆயில் தடவி, நேராப் பிடிச்சு அமுக்கி உக்கார வச்சாச்சு. இப்ப குழாயைப் பிடிக்குத பிராக்கெட் ஓட்டையும் போல்ட்டு ஓட்டையும் நூலளவு விலகி நிக்கி. நான் அங்கன தொங்கிக்கிட்டு இருக்கையில எதிர்வீட்டு மாமா எட்டிப் பாத்துக் கேக்காவ:

"என்ன மாப்ளே, ஆயில் செக் பண்ணுதியளோ?"