ஒப்புதல் மக்களிடம், விண்ணப்பம் அரசிடம்

ஒரு பாட்டையோ கூத்தையோ கைத்தொழிலையோ யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால், அதற்கென ஒரு படிவம் இருக்கிறது. அதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நிரப்ப வேண்டும். பத்துப் புகைப்படங்களும், ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடும் காணொளி ஒன்றும் இணைக்க வேண்டும். அந்த மரபுக்குரிய மக்கள் முழு விவரமும் அறிந்து, முன்கூட்டியே, எவருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்புக்கொண்டார்கள் என்பதற்குச் சான்றும் வைக்க வேண்டும். இத்தனையும் தேடித் தரக்கூடிய அந்த மக்களால் அதைத் தாமே அனுப்ப முடியாது. விண்ணப்பிக்கும் தகுதி அரசுகளுக்கு மட்டுமே உண்டு. மரபைக் காப்பது பற்றிய எல்லாப் பேச்சிலும் எனக்கு உறுத்தலாக இருப்பது இந்த ஒரு விதிதான்.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1973 ஏப்ரலில் பொலிவியாவின் வெளியுறவு அமைச்சர் யுனெஸ்கோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டார் இசையும் ஆட்டங்களும் கள்ளத்தனமாக வணிகமாக்கப்பட்டு வெளிநாடுகளுக்குப் போகின்றன, அவற்றைக் காக்கப் பன்னாட்டுச் சட்டம் எதுவும் இல்லை என்பது அவருடைய முறையீடு. அது நியாயமான முறையீடுதான். ஆனால் அதற்குத் தீர்வாக அவர் முன்வைத்தது, ஆசிரியர் பெயர் தெரியாத அத்தகைய படைப்புகளை அந்தந்த அரசின் உடைமையாக அறிவிக்க வேண்டும் என்பது. அப்போது பொலிவியாவை ஆண்டவர் 1971இல் ராணுவப் புரட்சியின் மூலம் ஆட்சியைப் பிடித்த ஹூகோ பான்சர். கடிதம் எழுதிய அடுத்த ஆண்டு, 1974 ஜனவரியில், விலையேற்றத்தை எதிர்த்துக் கோச்சபாம்பா பள்ளத்தாக்கில் சாலைகளை மறித்த கெச்சுவா பழங்குடி விவசாயிகளை அதே அரசின் படைகள் சுட்டுக் கொன்றன. ஒரு மக்களின் பாட்டுக்கு உரிமை கொண்டாடும் அரசு, அந்த மக்களையும் தன்னுடையவர்களாக நினைக்கிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் நிகழ்வு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

2003 அக்டோபர் 17 அன்று ஏற்கப்பட்டு 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த யுனெஸ்கோ உடன்படிக்கை, எழுத்தளவில் இதைவிட வெகுதூரம் முன்னேறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சமூகங்களும் குழுக்களும், சில நேரங்களில் தனிமனிதர்களும், தம்முடையது என்று ஏற்றுக்கொள்வதே மரபு என்று அதன் இரண்டாம் உறுப்பு வரையறுக்கிறது. பட்டியலில் இடம் பிடிப்பதால் யாருக்கும் சட்டப்படியான உடைமையுரிமை வந்துவிடுவதில்லை. இருந்தும், பட்டியலில் பெயர் ஏறிய மறுநாளே நாடுகள் நிலத்துக்குப் பட்டா வாங்கியதைப் போலத்தான் கொண்டாடுகின்றன. லவாஷ் என்னும் மெல்லிய ரொட்டி 2014இல் ஆர்மீனியாவின் பெயரில் ஏறியது. 2016இல் அஜர்பைஜான், ஈரான், துருக்கி, கசகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய நாடுகளின் கூட்டு விண்ணப்பத்தில் அதே ரொட்டி மீண்டும் ஏறியது. கிம்ச்சி தயாரிக்கும் மரபு 2013இல் தென்கொரியாவின் பெயரிலும் 2015இல் வடகொரியாவின் பெயரிலும் தனித்தனியாக ஏறியது. மாவைத் தட்டி அடுப்பின் சுவரில் அறையும் பெண்ணின் கைப்பழக்கத்தில் எல்லைக்கோடு எதுவும் இல்லை. கோடு விண்ணப்பத்தில்தான் இருக்கிறது. 2018இல் இரு கொரியாக்களும் தங்கள் மல்யுத்த மரபை ஒரே விண்ணப்பமாக இணைத்துக்கொண்டபோது, மனம் இருந்தால் இதற்கும் வழி உண்டு என்பது தெரிந்தது.

நாடுகளுக்கிடையிலான இந்தப் போட்டியைவிட எனக்கு அதிக வேதனை தருவது நாட்டுக்குள்ளேயே நடப்பது. சீனாவின் வடமேற்கில் வாழும் உய்குர் மக்களிடம் மெஷ்ரெப் என்றொரு கூடுகை உண்டு. அதில் இசையும் ஆட்டமும் நாடகமும் இருக்கும். அவற்றோடு ஒரு சிறு வழக்காடு மன்றமும் இருக்கும். ஊர் வழக்கத்தை மீறியவரை நடுவில் நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் விசாரித்து, சிரிக்கவைத்தும் நாணவைத்தும் திருத்துவார்கள். 1990களின் முற்பகுதியில் குல்ஜா நகர இளைஞர்கள், குடியையும் போதைப் பழக்கத்தையும் கட்டுப்படுத்துவதற்காக இதற்குப் புத்துயிர் கொடுத்தார்கள். 1995இல் அதிகாரிகள் அதைத் தடைசெய்தார்கள். பிறகு 2010இல், அழியும் நிலையில் இருக்கும் மரபு என்று சொல்லி, உடனடிப் பாதுகாப்பு தேவைப்படுபவற்றின் பட்டியலில் சீன அரசே மெஷ்ரெப்பைச் சேர்த்தது. உய்குர் நாட்டார் மரபுகளை ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்த பேராசிரியர் ரஹிலே தாவுத் 2017 டிசம்பரில் காணாமற்போனார்; அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டிருப்பது 2023இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. மேடையில் ஆடிக் காட்டும் மெஷ்ரெப்பை அரசால் வைத்துக்கொள்ள முடியும். மக்கள் தாமே கூடி, தமக்குத் தாமே நீதி சொல்லிக்கொள்ளும் மெஷ்ரெப்பைத்தான் அதனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அரசு ஒதுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக்குப் பணம் ஒதுக்கவும், களவாடும் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கவும் அரசின் வலு வேண்டும். அந்த வலு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நியூசிலாந்து 2014இல் இயற்றிய ‘கா மாத்தே’ சட்டத்தை எண்ணிப் பார்க்கிறேன். ‘கா மாத்தே’ என்பது ஒரு ஹக்கா, அதாவது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஆட்டப்பாட்டு. ரக்பி ஆட்டங்களுக்கு முன் உலகமே பார்க்கும் அந்த ஹக்காவை 1820ஐ ஒட்டிய காலத்தில் இயற்றியவர் தே ரௌபராஹா என்னும் மாவோரித் தலைவர். எதிரிகள் துரத்தியபோது கிழங்கு சேமிக்கும் குழிக்குள் ஒளிந்து உயிர் பிழைத்த கணத்தில் பிறந்தது அது என்று அவருடைய மக்கள் சொல்கிறார்கள். வணிக வெளியீடுகளிலும் திரைப்படங்களிலும் அதைப் பயன்படுத்துவோர், இயற்றியவர் அவர் என்றும், அவர் ங்காத்தி தோவா மக்களின் தலைவர் என்றும் குறிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். அது யாரையும் ஆடவிடாமல் தடுக்கவில்லை. மீறினால் இழப்பீடு கிடையாது, நீதிமன்றத்தின் பிரகடனம் மட்டுமே கிடைக்கும் என்பது அதன் குறை. ஆயினும் அந்தச் சட்டம் உரியவர்களாகப் பெயர் சொல்லிச் சுட்டுவது அரசை அன்று, ங்காத்தி தோவா மக்களை.

‘சமூகம்’ என்பதும் எப்போதும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதை அறிவேன். ஒப்புதல் கடிதத்தில் யார் கையொப்பமிட்டார், ஆடுகிற பெண்களா, அவர்கள் பெயரால் பேசும் பெரியவர்களா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். அதனால்தான் ஒருமுறை வாங்கும் கையொப்பம் போதாது என்கிறேன். லவாஷும் கிம்ச்சியும் இடம்பெற்ற பிரதிநிதித்துவப் பட்டியலில் ஏறிய மரபுகளின் நிலை குறித்து ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்புவது அரசுகளே. அந்த அறிக்கையுடன் ஆடுகிறவர்களும் பாடுகிறவர்களும் தம் மொழியில் தனியாக எழுதிய அறிக்கையும் கட்டாயம் சேர வேண்டும். ‘எங்கள் பெயரில் இது இனி வேண்டாம்’ என்று சொல்லி ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் அவர்களிடமே இருக்க வேண்டும்.